வேறொரு வகுப்பின் கடைசி பெஞ்சு

சுண்டு என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தது அப்பாதான். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. வகுப்பு போட்டோவில் எப்போதும் முதல் வரிசை, அதிலும் ஓரம். பழைய பள்ளிக்கூடத்தில் அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. ஐந்தாம் வகுப்புக்கு ஒரே அறை, ஒரே டீச்சர். காவலாளி முதல் தலைமையாசிரியை வரை எல்லோருக்கும் அவளைத் தெரியும். காலையில் உள்ளே நுழையும்போதே யாராவது, "என்ன சுண்டு, இன்னிக்கு என்ன கதை?" என்பார்கள். கதை இல்லாத நாளே கிடையாது.

புதுப் பள்ளிக்கூடம் வேறு மாதிரி. பல கட்டடங்கள், நடுவே மைதானம், பாடத்துக்கு ஓர் அறை. மணி அடித்தால் மொத்தப் பள்ளிக்கூடமும் எழுந்து இடம் மாறும். மாடிப்படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்ளும் இடத்தில், சுண்டுவின் முகம் மற்றவர்களுடைய பைகளின் உயரத்தில் இருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைப்பது வேலை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியில் நின்று பேச்சுக் கொடுத்து, சிரிக்க வைத்தே பாதிப் பயத்தைப் போக்கிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். யாராவது தும்மினால்கூட, ஞாயிற்றுக்கிழமை தன் அக்காவோடு போனில் பேசும்போது அதற்குக் கை கால் முளைத்துவிடும். சுண்டு புதுச் சீருடையைப் போட்டுப் பார்த்த அன்றும் ஸ்பீக்கரைப் போட்டார். "அக்கா, அந்த யூனிஃபார்முக்குள்ள இன்னொரு சுண்டுவையும் வச்சுத் தைக்கலாம் போலிருக்கு!" அந்தப் பக்கம் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆனா பாரு, என் பொண்ணு சிங்கம். ஒரே நாள்ல மொத்த ஸ்கூலையும் கைக்குள்ள போட்டுடுவா."

சுண்டுவும் சிரித்தாள். பிறகு உள்ளே போய்ச் சீருடையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

பள்ளி திறந்தது. மாலையில் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றாள். மறுநாளும் அதே பதில். வாரக்கடைசியில் அது "ம்" என்று சுருங்கியது. அம்மா கவனிக்காமல் இல்லை. சில காலைகளில் மட்டும் வயிற்றுவலி வந்ததையும் கவனித்தாள். வெந்நீர் கொடுத்தாள், வயிற்றைத் தடவிவிட்டாள். "புது இடம்னா அப்படித்தான்டா இருக்கும். போகப் போகச் சரியாயிடும்" என்று எல்லா அம்மாக்களையும் போலச் சொன்னாள். சொல்லிவிட்டு வேலைக்குப் போகிற அவசரத்தில் செருப்பைத் தேடினாள்.

அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமைச் சூடுகாட்டி, ஒவ்வொருவர் காதுக்கும் மூக்குக்கும் பொருந்துகிற மாதிரி வளைத்துக் கொடுப்பாள். சூடு கொஞ்சம் குறைந்தால் பிளாஸ்டிக் உடையும். கொஞ்சம் கூடினால் இளகித் தொங்கிவிடும். ஒரு வாடிக்கையாளரின் ஃபிரேமை வெப்பக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் பள்ளியிலிருந்து போன் வந்தது. சுண்டுவின் வகுப்பாசிரியர், கணக்கு சார்.

"மேடம், உங்க பொண்ணு ஸ்கூல் ஆரம்பிச்சதுலேருந்து ஒரு சயின்ஸ் கிளாஸுக்குக்கூடப் போகல. மத்த எல்லா கிளாஸ்லயும் இருக்கா. அந்த நேரத்துக்கு மட்டும் எங்க போறான்னே தெரியல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"என்ன சார் சொல்றீங்க? தினமும் போறாளே..."

"ஸ்கூலுக்கு வர்றா மேடம். அந்த கிளாஸுக்குத்தான் வர்றதில்ல."

"அம்மா, அம்மா, கண்ணாடி!" என்று எதிரில் இருந்தவர் பதறினார். குனிந்து பார்த்தாள். ஃபிரேமின் ஒரு கை வாழைத்தோல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வந்தது பயம். அது வெளியே வரும்போது கோபமாகத்தான் வந்தது. சுண்டு பையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார்.

"கிளாஸைக் கட் அடிக்கிறியா? இந்த வயசுலயேவா? யாரோட சுத்தற? எங்க போற?"

"நான் கிளாஸ்லதான் இருந்தேன்."

"அப்போ உங்க சார் பொய் சொல்றாரா?"

சுண்டு பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விரல் நுனி வெளுத்தது.

"வாயத் திறந்து சொல்லு! இத்தனை நாளா எங்கள முட்டாளாக்கிட்டு இருந்தியா?"

"ஏங்க," என்றாள் அம்மா. "நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்க."

"நான் கேட்டுக்கிட்டிருக்கேன்ல..."

"தெரியுது. குளிச்சுட்டு வாங்க."

அந்தக் குரலுக்கு அவர் பழகியவர். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார்.

அம்மா மகளின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். கேட்பதற்கு நாக்கு துடித்தது. ஆனாலும் கேட்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா," என்றாள் சுண்டு கடைசியில்.

"ம்."

"நான் சொன்னா, அப்பா அத்தைகிட்ட சொல்வாரா?"

அம்மாவின் கை நின்றது. எத்தனையோ பதில்களுக்குத் தயாராக இருந்தாள். இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை.

"சொல்ல மாட்டாருடா."

"சொல்வாரு. எல்லாத்தையும் சொல்வாரு. அத்தை சிரிப்பா. அப்புறம் எல்லாரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே சொல்லிச் சிரிப்பாங்க."

"சரி, சொல்ல விட மாட்டேன். இது என் பொறுப்பு."

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதல் சயின்ஸ் வகுப்புக்குப் போகும்போது கூட்டத்தில் தன் வகுப்புப் பிள்ளைகளைத் தவறவிட்டுவிட்டாள். பெரிய பையன் ஒருவனிடம் வழி கேட்டாள். அவன் மேலே கை காட்டினான். மாடிப்படி ஏறி ஓடி, கதவைத் திறந்தால் முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. போர்டில் எழுதிக்கொண்டிருந்த மிஸ் திரும்பாமலே, "லேட்டு. போய் உட்காரு" என்றார். கடைசி பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது; போய் உட்கார்ந்தாள். மூச்சு வாங்குவது நின்ற பிறகுதான் சுற்றிப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அது வேறு பிரிவின் வகுப்பு.

அப்பவே எழுந்து சொல்லியிருக்கலாமே என்ற வார்த்தை அம்மாவின் பல்லிடுக்கு வரை வந்தது. கடித்து உள்ளே தள்ளினாள்.

"எழுந்திருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பாங்கம்மா. அடுத்த தடவை சரியான கிளாஸுக்குத்தான் போகணும்னு நினைச்சேன். ஆனா போன தடவை ஏன் வரலன்னு கேட்டா என்ன சொல்றது? அதனால அங்கயே போனேன். அதுக்கப்புறம் இன்னும் கஷ்டமாயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் இன்னும் இன்னும் கஷ்டமாயிடுச்சு."

"பாடமெல்லாம்?"

"எல்லாம் எழுதினேன். வீட்டுப்பாடம்கூடச் செஞ்சேன்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நான் கட் அடிக்கலம்மா."

அம்மா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வயிற்றுவலி வந்த காலைகளெல்லாம் சயின்ஸ் வகுப்பு இருந்த நாள்கள் என்பது இப்போது புரிந்தது. தான் கொடுத்த வெந்நீரை நினைத்தபோது மனசு என்னவோ செய்தது.

"பக்கத்துல யாரு உட்காருவா?"

"நெட்டை." அழுகைக்கு நடுவில் சுண்டுவின் குரல் சற்றே மாறியது. "எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, அவளே அப்படித்தான் சொல்லிக்குவா. அவ கால் பெஞ்சுக்கு அடியில கொள்ளாதும்மா. வெளிய நீட்டிக்கிட்டுத்தான் உட்காருவா. முத நாளே எனக்கு ஸ்கேல் கொடுத்தா. நான் வேற கிளாஸ்னு அவளுக்கு மட்டும் தெரியும். யார்கிட்டயும் சொல்லல."

கதவுக்கு வெளியே ஈரத் துண்டோடு ஒரு நிழல் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அம்மா எழுந்து வெளியே வந்தபோது அப்பா சமையலறைப் பக்கம் போய்விட்டிருந்தார். காலிக் கோப்பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் அப்படியா பண்றேன்?" என்றார்.

"ஆமாங்க."

"நான் சும்மா தமாஷுக்குத்தானே..."

"உங்களுக்குத் தமாஷு. அவளுக்கு அது அவளோட மானம்."

அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார், மறுபடி நிமிர்த்தினார். பிறகு மகளின் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் தட்டினார்.

"சாரிம்மா. நான் கத்தினது தப்பு. எனக்குப் பயமாயிடுச்சு. உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டேன்."

சுண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லச் சொன்னாத்தான் சொல்வேன்."

"அத்தைகிட்ட?"

"சொல்ல மாட்டேன்."

"பெரியப்பாகிட்ட?"

"அவர்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"உங்க வேலை இடத்துல?"

அப்பா ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கம் நிஜமானது. அதனாலேயே சுண்டு திரும்பிப் பார்த்தாள்.

"அங்கயும் சொல்ல மாட்டேன்," என்றார், பெருமூச்சோடு.

மறுநாள் மூவரும் பள்ளிக்குப் போனார்கள். கணக்கு சார் இளைஞர். மேசையில் திருத்தாத தாள்கள் மலையாகக் கிடந்தன. ராத்திரி சரியாகத் தூங்காத கண்கள். அம்மா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"இத்தனை நாளாவா? யாருமே கண்டுபிடிக்கலையா?" என்று எழுந்தார். "எங்க அந்த ரூமைக் காட்டு பார்ப்போம்."

சுண்டு முன்னால் நடந்தாள். இந்த வழி மட்டும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மைதானத்தைச் சுற்றி, குடிநீர்த் தொட்டியைத் தாண்டி, பக்கவாட்டுப் படியில் ஏறி, கடைசி அறை. ஜன்னலோரம் ஒரு மீன்தொட்டி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சயின்ஸ் மிஸ் தனியாக உட்கார்ந்து கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மிஸ், இந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? என் கிளாஸ் பொண்ணு. கடைசி பெஞ்சு. நல்லாப் பண்ணுவா. வாயைத்தான் திறக்க மாட்டா."

"இவ என் கிளாஸ் பொண்ணு, மிஸ்."

"உங்க கிளாஸா? என்ன சார் விளையாடறீங்க?"

பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு உரிமை கொண்டாடும் இரண்டு பயணிகளைப் போல இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் மெதுவாகத் தெளிந்தது. மிஸ் பெயர் கூப்பிடும் வழக்கம் இல்லாதவர், தலையை எண்ணுவார். அவர் வகுப்புப் பட்டியலில் இருந்த ஒரு பையன் பள்ளி திறக்கும் முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டான். அவன் போன இடத்தில் சுண்டு உட்கார, கணக்கு ஒவ்வொரு முறையும் கச்சிதமாக வந்தது.

கணக்கு சார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மிஸ்ஸும் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். வாழ்நாளில் இப்படியொரு கதை அவர் கைக்கு வந்ததில்லை. உதட்டோரம் துடித்தது. அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தரம் இருமிவிட்டு, மீன்தொட்டிப் பக்கம் போய் மீன்களை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"சரி விடு, ஒண்ணும் பெரிய தப்பில்ல," என்றார் சார். "நாளையிலேருந்து நம்ம கிளாஸோட சயின்ஸுக்குப் போயிடு. பிரச்சினை முடிஞ்சுது."

சுண்டு அழ ஆரம்பித்தாள். நேற்று அழுததைவிட மோசமான அழுகை, சத்தமே வரவில்லை.

சார் திகைத்தார். "திட்டலையேம்மா நான்..."

அம்மா குனிந்தாள். "எதுக்கு அழறன்னு சொல்லு. இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க."

"அங்க எனக்கு யாருமே இல்ல," என்றாள் சுண்டு. "இந்த கிளாஸ்லதான் நெட்டை இருக்கா. நம்ம கிளாஸ்ல மதியம்கூட நான் தனியாத்தான் சாப்பிடறேன். மாடிப்படிக்குக் கீழ."

அப்பா திரும்பவில்லை, தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த கை இறுகியது.

கணக்கு சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது அவர் முகமும் சுண்டுவின் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"தினமும் என் கிளாஸ்ல உட்காருற. உன் பக்கத்துல யாரு இருக்கான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது," என்றார். "அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"அவளை இங்கயே விட்டுடலாமே சார்?" என்றார் அப்பா.

"முடியாதுங்க. இப்போ ரெண்டு பிரிவுக்கும் சயின்ஸ் ஒரே நேரம், அடுத்த மாசத்துலேருந்து அது மாறுது. அப்புறம் இந்த கிளாஸ் நடக்கறப்போ நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ் வந்துடும்."

"அவளையே கேளுங்களேன்," என்றார் மிஸ். கையைத் துடைத்துக்கொண்டு சுண்டு பக்கம் திரும்பினார். "நீ என்ன நினைக்கிற?"

பள்ளி திறந்ததிலிருந்து அவளிடம் இதை யாரும் கேட்டதில்லை. சுண்டு நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மெதுவாப் போகலாமா?" என்றாள்.

அப்படியே ஆயிற்று. அந்த வாரம் முழுவதும் அவள் கடைசி பெஞ்சிலேயே உட்காரலாம், அனுமதியோடு. அதன் பிறகு சொந்த வகுப்பு. முதல் சில நாள்கள் சார் தானே வந்து கதவு வரை விடுவதாகச் சொன்னார். "தூரத்துலேருந்தே விடுங்க சார்," என்றாள் அவள். மதிய இடைவேளையில் மீன்தொட்டி அறை திறந்திருக்கும் என்று மிஸ் சொன்னார். மீன்களுக்குத் தீனி போட ஆள் வேண்டுமாம். ஒரு குட்டையும் ஒரு நெட்டையும் இருந்தால் மேல் அலமாரி, கீழ் அலமாரி இரண்டுக்கும் சௌகரியம் என்றார். சுண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. சரியான வகுப்புக்குப் போன முதல் நாளே ஒரு பையன், "யாருடா இது, புது அட்மிஷனா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். அன்று வீட்டுக்கு வந்து பையை மூலையில் வீசினாள். அம்மாவுக்கு, போகப் போகச் சரியாயிடும் என்ற பழைய வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லவில்லை.

"மோசமான நாளா?"

"ரொம்ப."

"சரி, வா. பால் சூடாயிருக்கு."

அவ்வளவுதான். பாலைக் குடித்து முடிக்கும்போது சுண்டு அந்தப் பையனைப் பற்றித் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். அவனுக்குக் காது எப்படி விடைத்திருக்கும் என்பதில் தொடங்கி, அவன் மேசைக்கடியில் பென்சிலைக் கடித்துத் துப்புவது வரை. அம்மா "அப்படியா," "அப்புறம்" என்று மட்டும் சொன்னாள். கேட்கிற வேலை இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்தாள். "என்னடா தம்பி, சிங்கம் என்ன சொல்லுது? புது ஸ்கூல்ல என்ன கூத்து அடிச்சா?"

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த சுண்டு நிமிர்ந்தாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"அவளைத்தான் கேக்கணும் அக்கா. இரு, இருந்தா தர்றேன்," என்றவர், வாயைப் பொத்தி, "பேசறியா? வேண்டாம்னா வேண்டாம்" என்று மகளிடம் கேட்டார்.

அவள் வாங்கிக்கொண்டு போய் பால்கனியில் நின்று பேசினாள். மீன்களைப் பற்றித்தான் பேசினாள். வேறு எதையும் சொல்லவில்லை. திரும்பி வந்து போனைக் கொடுக்கும்போது அப்பாவின் தோளில் ஒரு தரம் இடித்துவிட்டுப் போனாள். அவர் அன்று முழுவதும் தேவையே இல்லாமல் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

நாள்கள் போயின. வயிற்றுவலி நின்றது என்று சொல்ல முடியாது, எப்போதாவது வந்தது. வந்தால் அம்மா வெந்நீரும் கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து என்ன விஷயம் என்றும் பார்த்தாள். கணக்கு சார் பெஞ்சுகளை மாற்றிப் போட்டு, நால்வர் நால்வராக உட்கார வைத்தார். சுண்டுவின் நால்வரில் இரண்டு பேர் ஓயாமல் சண்டை போட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை எப்படியோ அவள் தலையில் விழுந்தது. மதியத்தில் அந்த இருவரும் சில நாள் மீன்தொட்டி அறைக்கு வந்து, அங்கேயும் சண்டை போட்டார்கள். நெட்டைக்கு அவர்களை முதலில் பிடிக்கவில்லை. அதில் ஒரு வாரம் மனத்தாங்கல், பேச்சு வார்த்தை, சமாதானம்.

ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து, அப்பா வேனோடு பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். கூட்டத்தில் மகளைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். சுண்டு தலையைக் குனிந்துகொண்டு வந்து, வேனில் ஏறிச் சீட்டில் சரிந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு வந்தீங்கன்னா வாசல்ல நிக்காதீங்க. அந்த டயர் கடை மூலையில நில்லுங்க. நானே வந்துடுவேன்."

"ஏம்மா?"

"எல்லாரும் பார்க்கறாங்கப்பா."

வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அவள் சிரித்தாள்.

"சிரிக்காதே. எனக்குக் கஷ்டமா இருக்கு."

"தெரியுது," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அவளுக்கு இப்போ உங்களைப் பார்த்து வெட்கப்படற அளவுக்கு அங்க ஆளுங்க இருக்காங்க. அதை யோசிச்சுப் பாருங்க."

மறுநாள் அவர் வேனை டயர் கடை மூலையிலேயே நிறுத்தினார். பள்ளி விட்டது. சுண்டு வந்தாள். ஒரு பக்கம் நெட்டை, மறுபக்கம் சண்டைக்காரிகள் இருவரும். நடுவில் அவள் இரண்டு கைகளையும் வீசி எதையோ வாதாடிக்கொண்டு வந்தாள். வேனைப் பார்க்காமலே தாண்டிப் போய்விட்டாள். அப்பாவின் கை ஹாரனுக்குப் போனது. பாதியில் திரும்பி வந்தது. வேனின் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். தெருக்கோடி வரை போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஓடி வந்தாள்.

"ஏன்பா கூப்பிடல?"

"நீ பேசிட்டிருந்தியேம்மா," என்றார் அப்பா.